முகிற்கணிமையும் தோட்டக் கணக்கும்

வாணிகம் சிறிதாயினும் பெரிதாயினும் அதனைத் தாங்கி நிற்பது கணக்கேயாகும். ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களை அறிந்தார்க்கு இவ்வுண்மையைப் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. விடியற்காலையிற் பிரட்டுக்களத்திலே பெயர் பதிவதும், மலையிலே கொழுந்து நிறுப்பதும், மாலையிலே அதனைச் செக்றோலில் ஏற்றுவதும், மாத முடிவிலே பற்றுக் கழித்துச் சம்பளம் வகுப்பதுமாகத் தோட்டத்தின் ஒவ்வொரு நாளும் கணக்கினால் தொடங்கிக் கணக்கினால் முடிகின்றது. ஒரு பெண் பறித்த கொழுந்தின் நிறை உரிய அளவை எட்டினால் அவளுக்கு முழுப்பேர், எட்டாவிடில் அரைப்பேர். ஏட்டில் ஏறாத உழைப்பு உழைப்பாகவே மதிக்கப்படுவதில்லை.

அவ்வேடு இன்று கடதாசியை விட்டுக் கணினிக்குக் குடிபெயர்ந்து வருகின்றது. 1883ஆம் ஆண்டு தொடங்கி மக்கள் கூடிக் குரல் கொடுத்து நடத்திய கொழும்புத் தேயிலை ஏலமே 2020 ஏப்ரலில் மின்னியல் ஏலமாக மாறிற்று. ஏலம் மாறிய பின் அதற்குச் சரக்கு அனுப்பும் தொழிற்சாலையின் கணக்கும், கொழுந்து வாங்குவோரின் கணக்கும், பதுளை நகரத்து மொத்த வியாபாரியின் கணக்கும் நெடுங்காலம் பழைய நிலையில் நிற்றல் இயலாது. கணினிக்கு மாறிய கணக்கை எங்கே வைத்துப் பேணுவது என்னும் வினா அப்போது எழுகின்றது. "முகிலிலே வையுங்கள்" என்பதே இன்று யாங்கணும் கேட்கப்படும் விடை. அவ்விடையின் நன்மைகளை விற்பனையாளர் விரிவாகக் கூறுவர். அதன் குறைகளை வாங்குவோரே ஆராய்ந்தறிதல் வேண்டும். முகிற்கணிமை நிலையங்களுள் முதலிடம் வகிக்கும் அமேசன் வெப் சேர்விசஸ் என்னும் நிறுவனத்தை எடுத்துக்கொண்டு அக்குறைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முகிற்கணிமை யாது?

முகில் என்ற பெயர் வானத்தை நினைவூட்டினும், பொருள் மண்ணிலேதான் இருக்கின்றது. பல்லாயிரம் கணினிகளை ஒரு பெருங்கட்டடத்தில் நிறுவி, இடையறா மின்சாரமும் குளிரூட்டலும் காவலும் அமைத்து, அவற்றின் ஆற்றலை இணையத்தின் வழியே வாடகைக்கு விடுவதே முகிற்கணிமை. அமேசன் நிறுவனம் 2006 மார்ச்சில் எஸ்-3 என்ற தரவுக் களஞ்சியத்தையும், அவ்வாண்டு ஓகஸ்டில் ஈ.சி.-2 என்ற வாடகைக் கணினிச் சேவையையும் தொடங்கி இத்தொழிலுக்கு அடிகோலிற்று. இன்று அது அளிக்கும் சேவைகள் 200க்கு மேற்பட்டவை.

இதன் சிறப்பை மறுத்தல் நேர்மையாகாது. ஊவாத் தேயிலைக்கு யூலை முதல் செப்ரெம்பர் வரையிலான வறண்ட காற்றுக் காலமே மணம் கொழிக்கும் பருவம். அக்காலத்து வேலைக்கு மட்டும் கூடுதலான கணினி ஆற்றலைப் பெற்று, பருவம் கழிந்ததும் திருப்பிவிடுதல் முகிற்கணிமையில் எளிது. சொந்தக் கணினி வாங்கியவனோ பன்னிரண்டு மாதமும் அதனைப் பேணியாக வேண்டும். இந்நன்மையை ஒரு தட்டில் வைத்து, இனி மற்றைத் தட்டை நோக்குவாம்.

அளந்து தீராத செலவு

முதற் குறை செலவைப் பற்றியது. முகிற்கணிமையிலே விலை மலிவு என்பர். விலை மலிவாதல் வேறு. செலவு குறைதல் வேறு. கணினி ஓடும் ஒவ்வொரு நொடிக்கும், களஞ்சியத்தில் இருக்கும் ஒவ்வொரு கிகாபைற்றுக்கும், தரவைக் கேட்டெடுக்கும் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் தனித்தனியே கட்டணம் விதிக்கப்படுகின்றது. பரிசோதனைக்காகத் தொடங்கிய கணினியை நிறுத்த மறந்தால், ஆளில்லா வீட்டில் எரியும் விளக்கைப் போல் அது இரவும் பகலும் கட்டணத்தை ஏற்றிக்கொண்டேயிருக்கும். வரவுசெலவுக்கு எல்லை குறித்து, அதனைத் தாண்டும்போது எச்சரிக்கை பெறும் வசதி உண்டு. ஆயினும் அதனை அமைத்துக்கொள்ளுதல் வாடிக்கையாளரின் பொறுப்பு. எச்சரிக்கை வந்ததனால் மட்டும் செலவு நின்றுவிடுவதுமில்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பர் நம் முன்னோர். இங்கே அளப்பவன் விற்பவன்; போடுபவனுக்கு அளவு தெரிவது மாத முடிவிலேதான்.

தரவை உள்ளே அனுப்புதற்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. வெளியே எடுத்தற்கே உண்டு. மாதம் 100 கிகாபைற் வரை விலக்களித்து, அதற்கு மேல் ஒவ்வொரு கிகாபைற்றுக்கும் பணம் பெறுகின்றனர். தொழில்நுட்ப வல்லுநரின் உதவி வேண்டுமாயின் அதற்கும் வேறாகக் கட்டணம் செலுத்துதல் வேண்டும்.

இவை எந்நாட்டார்க்கும் பொதுவானவை. நம் நாட்டார்க்குச் சிறப்பாக உரிய இடர் ஒன்றுண்டு. சேவையின் விலை டொலரிலே குறிக்கப்படுகின்றது. நம் வியாபாரியின் வருவாயோ ரூபாவிலே வருகின்றது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த மாற்று விகிதம், மே நடுப்பகுதியில் 360 ரூபாவை எட்டிற்று. மாதம் 100 டொலர் செலுத்திய ஒருவருக்கு, பயன்பாட்டில் அணுவளவும் மாற்றமின்றி, 20,000 ரூபாச் செலவு பத்து வாரங்களில் 36,000 ரூபாவாக உயர்ந்திருக்கும். சொந்தக் கணினியை முன்னரே வாங்கி வைத்தவனை இவ்வதிர்ச்சி இவ்வாறு மாதந்தோறும் தாக்குவதில்லை. ஏற்றுமதியால் டொலர் ஈட்டும் பெருங்கம்பனி இதனைத் தாங்கும். உள்ளூரிலேயே கொழுந்து வாங்கி உள்ளூரிலேயே விற்கும் சிறு முதலாளி எங்ஙனம் தாங்குவார்?

தொலைவும் தடையும்

இரண்டாங் குறை தொலைவினால் வருவது. அமேசனின் கணினி வளாகத் தொகுதிகளுள் ஒன்றேனும் இலங்கையில் இல்லை. நமக்கு அண்மையில் உள்ளவை 2016இல் தொடங்கிய மும்பைத் தொகுதியும் 2022இல் தொடங்கிய ஐதராபாத்துத் தொகுதியுமே. ஆகவே பசறையிலோ லுணுகலையிலோ இருந்து ஒரு கணக்கைத் திறப்பவர், மலையிறங்கிக் கொழும்பு சென்று கடலடி வடத்தின் வழியே அயல்நாட்டை அடையும் ஒரு நீண்ட பாதையை நம்பியிருக்கின்றார். அப்பாதையில் எக்கண்ணி அறுந்தாலும், முகிலிலே ஒரு குறையும் இல்லாதபோதும், அவருக்கு முகில் இல்லை.

அக்கண்ணிகள் எளிதில் அறுவன என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டுவதில்லை. 2022 மார்ச் 31ஆம் நாள் இந்நாட்டிலே 13 மணிநேர மின்வெட்டு நடைமுறையில் இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தாக்கியபோது பதுளை மாவட்டத்து மலைகள் பல இடங்களிற் சரிந்து உயிர்களைக் கொண்டன. வீதிகளும் புகையிரதப் பாதையும் மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டன. அத்தகைய நாட்களிலே, ஒரு லயத்தில் யார் யார் குடியிருந்தனர், இன்று வேலைக்குப் பெயர் கொடுத்தோர் எத்தனை பேர் என்னும் விவரங்கள் உயிர் காக்கும் விவரங்களாகின்றன. அவை மும்பையிலே பத்திரமாக இருந்தும் பதுளையிலே படிக்க இயலாவிடிற் பயன் யாது? எனினும் இதன் மறுபுறத்தையும் கூறுதல் வேண்டும். காரியாலயமே மண்ணுட் புதையுமாயின், உள்ளே இருந்த ஏடும் கணினியும் உடன் புதையும். தொலைவிலுள்ள நகலே எஞ்சும். 2014 ஒக்ரோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தைக்கு அண்மையில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவில் மறைந்ததை நாம் மறந்திலம். ஆதலின் தொலைவிலே ஒன்றும் அருகிலே ஒன்றுமாக இரண்டு நகல்கள் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படுவது.

பாதை அறாதபோதும் முகில் தானே கலைவதுண்டு. 2017 பெப்ரவரி 28ஆம் நாள் அமெரிக்காவின் வேர்ஜீனியாத் தொகுதியிலே ஊழியர் ஒருவர் கட்டளை ஒன்றைப் பிழையாக உள்ளிட்டதனால், நினைத்ததினும் மிகுதியான கணினிகள் விலக்கப்பட்டு எஸ்-3 களஞ்சியம் ஏறத்தாழ நான்கு மணிநேரம் முடங்கிற்று. சேவைகளின் நலத்தை அறிவிக்கும் அந்நிறுவனத்தின் பலகையும் அக்களஞ்சியத்தையே சார்ந்திருந்தமையால், "பழுது" என்று அறிவித்தற்கும் சிறிது நேரம் இயலாது போயிற்று. 2025 ஒக்ரோபர் 20ஆம் நாள் அதே தொகுதியில், கணினிகளின் பெயரை முகவரியோடு இணைக்கும் பதிவேட்டைத் திருத்தும் தானியங்கு முறையில் மறைந்திருந்த பிழையொன்று வெளிப்பட்டு, பல நாட்டு வங்கிகளும் செயலிகளும் பல மணிநேரம் தடுமாறின.

யாவரும் ஒன்றையே நம்புதலின் கேட்டை ஊவா நெடுநாள் முன்னரே கண்டது. மலைநாடு முழுவதும் கோப்பி ஒன்றையே நம்பியிருந்த காலத்திலே, 1869ஆம் ஆண்டிற் கோப்பியிலை நோய் முதன்முதலாக மடூல்சீமையிலேதான் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ இருபதாண்டுகளில் அப்பயிர் வீழ்ந்து, அதன் இடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. நோய் கொடியதாய் இருந்தமை மட்டும் அவ்வீழ்ச்சிக்குக் காரணமன்று. வேறு பயிர் இல்லாமையும் காரணமாகும்.

பொறுப்பு யாருடையது?

மூன்றாங் குறை, குறையென்று பலராலும் உணரப்படாதது. தரவை முகிலிற் சேர்த்துவிட்டால் அதன் காவலும் முகிலின் பொறுப்பு எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. கட்டடமும் கணினியும் மின்சாரமும் நிறுவனத்தின் பொறுப்பு; உள்ளே வைத்த தரவும், அதனைத் திறக்கும் கடவுச்சொல்லும், யார் பார்க்கலாம் என்னும் அனுமதியும் வாடிக்கையாளரின் பொறுப்பு. இப்பிரிவினையை அந்நிறுவனமே தன் ஏடுகளில் தெளிவாக எழுதியுள்ளது. வங்கியிலே பெட்டகம் வாடகைக்கு எடுத்தவன் திறவுகோலைத் தெருவிலே விட்டால் வங்கி என் செய்யும்?

அமெரிக்காவிலே கெப்பிட்டல் வன் என்னும் வங்கி இவ்வகையில் இடருற்றது. அமேசன் முகிலில் அது வைத்திருந்த தரவுகளின் தீச்சுவர் அமைப்பிலே இருந்த பிழையொன்றின் வழியே, ஏறத்தாழ 10 கோடி அமெரிக்கரதும் 60 இலட்சம் கனேடியரதும் விவரங்கள் களவாடப்பட்டமை 2019இல் வெளிப்பட்டது. மறு ஆண்டு அரசு விதித்த 8 கோடி டொலர் தண்டத்தைச் செலுத்தியது வங்கியேயன்றி முகில் நிறுவனமன்று. கோட் ஸ்பேசஸ் என்னும் சிறு நிறுவனத்தின் கதை இதனினும் துயரமானது. 2014 யூனில் அதன் முகிற்கணக்கின் கட்டுப்பாட்டுப் பகுதியை ஒருவன் கைப்பற்றிப் பணம் கேட்டான். நிறுவனம் தன் கணக்கை மீட்க முற்பட்டபோது தரவுகளையும் அவற்றின் காப்புநகல்களையும் ஒருங்கே அழித்தான். மூலமும் நகலும் ஒரே பூட்டினுள் இருந்தமையால், ஒரு பகலுக்குள் அந்நிறுவனம் இல்லாதொழிந்தது.

நம் நாட்டிலும் இதனையொத்த பாடம் உண்டு. அமேசனைச் சாராத இலங்கை அரசாங்க முகிலமைப்பு 2023 ஓகஸ்டிலே கப்பம் கோரும் தீநிரலாற் தாக்குண்டது. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சற் கணக்குகளின் 2023 மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான தரவுகள் மீளப் பெற இயலாதனவாயின. அமைப்பொடு இணைந்திருந்த காப்புநகலும் உடன் பூட்டப்பட்டமையும், இணையத்திலிருந்து பிரித்து வைத்த நகல் அக்காலத்துக்கு இல்லாமையுமே காரணங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிறர் விவரங்களைத் திரட்டுவோர் மீது கடமைகளைச் சுமத்துகின்றது. தொழிலாளரின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் சேமலாப நிதிக் கணக்கும் கொண்ட ஏட்டை முகிலேற்றும் தோட்ட நிருவாகம், "முகிலைக் கேளுங்கள்" என்று கூறித் தப்புதல் இயலாது.

புகுதல் எளிது, வெளியேறல் அரிது

நான்காங் குறையே எல்லாவற்றினும் ஆழமானது. முகிலுட் புகுதல் எளிது. தொடக்கக் காலத்தில் இலவசப் பயன்பாடும், புதிய நிறுவனங்களுக்கு முற்பணம் போன்ற வரவும் வழங்கப்படுகின்றன. அவ்வரவைக் கொண்டு அந்நிறுவனத்துக்கே உரிய தனித்தன்மையான தரவுத்தளத்திலே கணக்கு முறையை அமைத்துவிட்டால், பின்னர் அதனை வேறிடத்துக்கு எடுத்துச் செல்லுதல் வீட்டைத் தூக்கிச் செல்லுதல் போன்றது. தரவைப் பெயர்த்தெடுக்கலாம், அதனை இயக்கும் முறையை மீண்டும் எழுத வேண்டும், எழுதிய ஊழியர் அதற்குள் வேறு தொழிலுக்குச் சென்றிருப்பர்.

தோட்டத்தின் வரலாற்றை அறிந்த வாசகர்க்கு இந்நிலை ஒரு பழைய சொல்லை நினைவூட்டாதிராது. தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளரை அழைத்து வந்த காலத்தே கங்காணி முற்பணம் கொடுத்தான், அது கடனாயிற்று, கடன் தீரும் வரை தோட்டத்தை விட்டுச் செல்லுதல் இயலாதாயிற்று. இன்ன கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிக்கச் சம்மதம் எனத் துரை எழுதிக் கொடுத்த சீட்டே துண்டு எனப்பட்டது. கணக்கோ தொழிலாளி படிக்க இயலாத ஏட்டில், அவன் கையில் இல்லாத ஏட்டில் இருந்தது. துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. மனிதர் பட்ட அத்துயரையும் ஒரு வியாபாரியின் கணினிச் செலவையும் ஒரே நிறையிலே வைத்தல் தகாது. நாம் அவ்வாறு வைக்கவுமில்லை. ஆயின் பிணிப்பின் இலக்கணம் ஒன்றே. முற்பணத்தால் உள்ளே வருதல், பிறர் கையிலுள்ள கணக்கால் உள்ளே இருத்தல், விலை கொடுத்தே வெளியே செல்லுதல் என்னும் மூன்றும் கூடுமிடத்து எச்சரிக்கை வேண்டும்.

பெரியோர் வெளியேறியதுண்டு. ட்ரொப்பொக்ஸ் நிறுவனம் தன் களஞ்சியத்தின் பெரும்பகுதியை அமேசனிலிருந்து சொந்தக் கணினிகளுக்கு மாற்றி, இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 7.5 கோடி டொலர் செலவைக் குறைத்ததாக 2018இல் அறிவித்தது. ஆயினும் அவ்வாறு மாறுதற்கு முதலும் வல்லுநரும் வேண்டும். 2024 மார்ச்சில் அமேசன், தன்னை விட்டு முற்றாக நீங்குவோர்க்குத் தரவு வெளியேற்றக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. 2025 செப்ரெம்பரில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டமும் இவ்வகையான மாற்றத்தை எளிதாக்குகின்றது. துண்டின் விலை குறைந்துளது என மகிழலாம். முறையை மீள எழுதும் செலவு மட்டும் குறைந்திலது.

அறிவின் தேவை

ஐந்தாங் குறை அறிவு பற்றியது. 200க்கு மேற்பட்ட சேவைகளுள் தமக்கு வேண்டியது எது என்று தெரிந்துகொள்ளுதலே ஒரு கல்வியாகும். பதுளைச் சிறு வியாபாரிக்கு அக்கல்வி இல்லை. அதனைப் பெற்ற இளைஞர் கொழும்பையும் வெளிநாட்டையும் நாடுகின்றனர். எனவே அவர் தம் கணக்கை அமைத்துத் தருமாறு இடைத்தரகர் ஒருவரிடம் ஒப்படைக்கின்றார். முகிற்கணக்கு அத்தரகரின் மின்னஞ்சற் பெயரிலே பதிவாகி, நாளடைவில் உரிமையாளருக்கே தம் ஏட்டின் திறவுகோல் இல்லாத நிலை உண்டாகலாம். 2005ஆம் ஆண்டிலே பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லச பல்கலைக்கழகம் கணினித்துறையிலும் பட்டம் அளிக்கின்றது. அங்குப் பயில்வோரும், இக்கல்லூரி போன்ற பள்ளிகளிலிருந்து செல்லும் மாணவரும், தம் ஊரவர்க்கு இத்துறையில் வழிகாட்டிகளாதல் கூடும், ஆதலும் வேண்டும்.

செய்யத்தக்கன

இக்குறைகளை எடுத்துரைத்தமை முகிற்கணிமையை ஒதுக்குக என்றற்கன்று. ஆழமறிந்து கால் வைக்க என்றற்கே. பயன்படுத்தப் புகுவோர் சில விதிகளைக் கைக்கொள்ளின் கேடு பெரிதும் குறையும். கணக்கை நிறுவன உரிமையாளரின் பெயரிலேயே பதிக; கடவுச்சொல்லோடு இரண்டாம் உறுதிப்பாட்டையும் சேர்க்க. முதல் நாளிலேயே செலவெல்லைக்கு எச்சரிக்கை அமைக்க. டொலர் விலை இருமடங்கானால் தாங்குமோ என்று கணித்துப் பார்க்க. எங்கும் வழங்கும் பொதுவகையான தரவுத்தளத்தையே தெரிந்து கொள்க. வாரந்தோறும் ஒரு நகலை எடுத்து, இணையத்தோடு தொடர்பற்ற தனிப் பேழையிலே காரியாலயத்துக்கு வேறான இடத்தில் வைக்க. அந்நகல் திறக்கின்றதா என்று இடையிடையே சோதிக்க. இணையம் அற்ற நாளிலே வேலை நடத்தக் கடதாசி ஏடொன்றை ஆயத்தமாக வைத்திருக்க.

இவற்றொடு இன்னுமொன்று உண்டு. கொழுந்து நிறுக்குமிடத்தே தொழிலாளியின் கையிலும் அந்நாளின் நிறையைக் குறித்த சீட்டொன்று தமிழிலே கொடுக்கப்படல் வேண்டும். முகில் கலையலாம், வடம் அறலாம், நிறுவனம் கைமாறலாம். பத்து ஆண்டுகளின் பின் சேமலாப நிதிக்காக வந்து நிற்கும் ஒரு பெண்ணிடம், "உன் கணக்கு இருந்த இடம் எமக்குத் தெரியாது" என்று சொல்லும் நிலை வருதலாகாது. கணக்கேடு எத்தேசத்துக் கணினியில் இருப்பினும், அக்கணக்கு யாருடைய உழைப்பைக் குறிக்கின்றதோ அவர் அதனைப் பார்க்கவும், படிக்கவும், எடுத்துச் செல்லவும் இயல வேண்டும். இவ்வுரிமை காக்கப்படுமாயின் முகிற்கணிமை நமக்கு நல்லதொரு கருவியாகும். காக்கப்படாவிடின், நூறாண்டுகளுக்கு முன் மூடிய ஏட்டைப் புதிய எழுத்திலே மீண்டும் திறந்தவர்களாவோம்.